கவிழ்த்து வைத்த கப்

"திருடன்! திருடன்! பிடிங்க அவனை!"

நான்காம் வார்டே அதிர்ந்து போனது.

பார்வையாளர் அறையில் உட்கார்ந்து ஏழாவது கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த வாயாடி, நோட்டும் பென்சிலுமாக அப்படியே எழுந்தாள். திருடனா? பட்டப்பகலில், ஆஸ்பத்திரிக்குள்ளேயா? நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடலாம். அவளுக்கு வந்தது பயம் இல்லை, குஷி. கணக்கிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

வாயாடிக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்தவள் பத்து வயதாகியும் இன்னும் நிறுத்தவில்லை. அதனால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர், வார்டு வரைக்கும் வந்துவிட்டது.

அவளுடைய அப்பா அந்த வார்டில் நர்ஸ். எல்லோரும் அவரை 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். அம்மா வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். அதனால் பள்ளி விட்டதும் வாயாடி நேராக வார்டுக்கு வந்துவிடுவாள். அப்பாவின் வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

நான்காம் வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். சிலருக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது. சிலருக்குப் பெற்ற பிள்ளையின் முகமே மறந்துவிடும். இன்னும் சிலருக்கு, காய்ச்சலாலோ ஆபரேஷனாலோ திடீரென்று மனம் குழம்பிவிடும். இருக்கிற இடம் தெரியாது. பகலா இரவா என்று தெரியாது. இல்லாத ஆள்கள் எதிரே நிற்பது போலத் தெரியும்.

"அது மேகம் மாதிரி கண்ணு, வரும், போகும்" என்று அப்பா ஒருநாள் சொல்லியிருந்தார். "காலையில தெளிவா இருப்பாங்க, சாயங்காலம் குழம்பிடுவாங்க. அது போற வரைக்கும் நாம அவங்களைப் பயமுறுத்தாம பக்கத்துல இருக்கணும்."

வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர், வாயாடிக்கு மூன்று சட்டம் போட்டிருந்தார். ஓடக் கூடாது. கத்தக் கூடாது. கேட்காமல் கட்டில் பக்கம் போகக் கூடாது. முதல் இரண்டும் வாயாடிக்கு ரொம்பக் கஷ்டம்.

இப்போது அவள் ஓடாமல், ஆனால் ஓட்டத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த ஒரு நடையில், வார்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

கத்தியது பதினாலாம் கட்டிலில் இருந்த வாட்ச் தாத்தா.

"என் கடையில புகுந்துட்டான்! கண்ணெதிர எடுத்துட்டுப் போறான்! விடுங்க என்னை!"

தாத்தாவின் ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அப்பா அவர் முன்னால் முழங்காலிட்டு, கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். இழுக்கவில்லை, அமுக்கவில்லை. தாத்தா விழாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வாயாடிக்குக் குஷியெல்லாம் போய்விட்டது. வாட்ச் தாத்தா அவளுக்கு ரொம்பப் பிடித்தவர். தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். அவருக்கு மறதி நோய் ஏற்கெனவே உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு குழப்பமும் சேர்ந்துகொண்டது. முதல் ஐந்து நாள் மகளையே யாரென்று கேட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவிட்டார். வாயாடியிடம் தினமும், "நீ யாரும்மா?" என்று கேட்பார். அவள் சொல்வாள். "உன் வாட்ச் ஓடுதா?" என்று அடுத்துக் கேட்பார்.

அவள் கையில் இருந்தது பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த நீல வாட்ச். ஒரு வாரமாக அதில் மணி எட்டு இருபது. ஓடாவிட்டாலும் கழற்ற மனசு வரவில்லை.

"ஓடல தாத்தா."

"நாளைக்குக் கடைக்குக் கொண்டா, பார்க்கிறேன்" என்பார். மறுநாள் மறுபடியும், "நீ யாரும்மா?"

நாளை அவர் வீட்டுக்குப் போக வேண்டிய நாள். மகள், அவருக்காக வீட்டில் ஜன்னல் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார். இன்று நாலரை மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்து, 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மதியம்கூட நல்லாப் பேசினாரே!" என்றார் பெரிய சிஸ்டர். "மறுபடியும் குழப்பம் வந்துடுச்சு. இந்த நிலைமையில டாக்டரம்மா பார்த்தா, இன்னும் ஒரு வாரம் இங்கதான்னு சொல்லிடுவாங்க."

அப்பா தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் பார்வை வலது காதில் நின்றது.

"சிஸ்டர், காது மெஷினைக் காணோம்!"

"மூணு மணிக்கு நீங்கதானே மாட்டி விட்டீங்க?"

"ஆமா. இப்போ இல்ல."

அப்புறம் நடந்த தேடலைப் பார்க்க வேண்டுமே! ஒரு சிஸ்டர் தலையணை உறையை உதறினார். ஒருவர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். ஒருவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, மிட்டாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். காது மெஷின் வைக்கும் சின்னப் பெட்டி காலியாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"தாத்தா! காது மெஷின் எங்கே?" என்று ஒரு சிஸ்டர் கத்தினார்.

"கா...து மெ...ஷின்!" என்று இன்னொருவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

தாத்தாவுக்கு எதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் வாய்கள் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது. அவர் இன்னும் மிரண்டு போனார். அடுத்த காலையும் கீழே இறக்கப் பார்த்தார்.

"பிரதர், அந்தக் காலை ஊன்றினா ஆபரேஷன் பண்ணதெல்லாம் வீணாப் போயிடும்" என்றார் பெரிய சிஸ்டர். "டாக்டரம்மாவுக்கு போன் பண்ணித் தூக்க ஊசிக்குக் கேட்கிறேன். வேற வழியில்ல."

"ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு மந்தமாயிடுவாரு சிஸ்டர். குழப்பம் இன்னும் கூடும். நாளைக்கு வீட்டுக்குப் போறது நடக்கவே நடக்காது. எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க."

பெரிய சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு ஐந்து.

"பத்து நிமிஷம். பதினொண்ணு இல்ல."

வாயாடி வாசலிலேயே நின்றாள். "அப்பா, நான் கிட்ட வரலாமா?"

அப்பா ஒரு நொடி யோசித்தார். "வா. அவர் முன்னால வந்து நில்லு. பின்னாலிருந்து தொடாதே. மெதுவா."

அவள் மெதுவாக வந்து நின்றாள். பேசுவதற்காக வாயைத் திறந்தாள், பழக்க தோஷம். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். கேட்காத காதில் பேசி என்ன பிரயோசனம்? இத்தனை பேர் கத்தியும் ஒன்றும் ஆகவில்லையே.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் உண்டு. அதில் எழுதியிருந்தது: 'வாட்ச் ரிப்பேர் கடை, நாற்பத்தொரு வருடம். வலது காதுக்கு மெஷின். இடது காது கேட்காது. டீயில் சர்க்கரை வேண்டாம். வேலை செய்யும்போது குறுக்கே பேசினால் பிடிக்காது.'

வாயாடி அதைப் பல தடவை படித்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது மூளையில் ஏறியது. தாத்தா இப்போது ஆஸ்பத்திரியில் இல்லை. கடையில் இருக்கிறார்! கடையில் இருப்பவரிடம் போய்க் காது மெஷின் எங்கே என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பெரிய பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினாள்.

'என் வாட்ச் ரெடியா?'

தாத்தாவின் கண் நோட்டில் விழுந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கத்துவது நின்றது.

"எந்த வாட்ச்?" என்று கேட்டார். அது கடைக்காரரின் குரல்.

வாயாடி கையை நீட்டினாள். தாத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்த மும்முரத்தில், தொங்கிய காலை அப்பா மெதுவாகத் தூக்கிக் கட்டில் மேல் வைத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"கழட்டிக் கொடுத்துட்டுப் போ. ஆனா இன்னைக்கு ஆகாது. கடையில திருட்டுப் போயிருக்கு."

வாயாடி வாட்சைக் கழற்றிக் கொடுத்தாள். அவசரமாக எழுதினாள்: 'என்ன திருட்டு?'

"மெஷின். இத்தனூண்டு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். "உள்ள கீ... கீன்னு சத்தம். சரி, பார்ப்போம்னு பிரிச்சேன். பேட்டரி தனியா, கதவு தனியா."

அப்பாவும் பெரிய சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாத்தா தன்னுடைய காது மெஷினையே ரிப்பேருக்குப் பிரித்திருக்கிறார்!

வாயாடியின் பென்சில் பறந்தது. 'எங்கே வைத்தீர்கள்?'

"என்ன கேள்வி இது? பொடி சாமான்னா எங்கே வைப்பாங்க? வெள்ளைத்தாளை விரிச்சு, அதுமேல வரிசையா வச்சு, மூடி வச்சேன். தூசி படக் கூடாது பாரு." சொல்லிக்கொண்டே வலது கையைக் குழித்து, கட்டில் மேல் கவிழ்த்துக் காட்டினார். "அந்த நேரம் பார்த்துத்தான் அவன் வந்தான். மேஜையோட தூக்கிட்டுப் போயிட்டான்!"

கவிழ்த்த கை. கப்!

"அப்பா! கப்பு! டீ கப்பு!" வாயாடி கத்தியே விட்டாள். இரண்டாவது சட்டம் போயே போயிற்று.

உங்களுக்கு விஷயம் புரிய வேண்டுமானால், அந்த வார்டின் கப் கதையைச் சொல்ல வேண்டும். மறதி உள்ளவர்கள் பாதி சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முடித்துவிட்டார்கள் என்று நினைத்து டிரேயை எடுத்தால், "எனக்குச் சாப்பாடே தரல!" என்பார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர், டிரே எடுக்கிற எக்ஸ்பிரஸ் மாமா. சாப்பிட்டு முடித்ததும் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கப் கவிழ்ந்திருந்தால் எடுக்கலாம். நிமிர்ந்திருந்தால் தொடக் கூடாது. அந்தச் சட்டம் வந்த பிறகு, இருபத்துநாலு டிரேயை நாலே நிமிடத்தில் எடுத்துவிடுவார். எக்ஸ்பிரஸ் என்ற பெயர் சும்மா வந்ததில்லை.

தாத்தா தூசி படாமல் இருக்கக் கப்பைக் கவிழ்த்தார். எக்ஸ்பிரஸ் மாமா, டீ குடித்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரியாக அந்த நேரம், விசில் அடித்துக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தார் எக்ஸ்பிரஸ் மாமா.

"அதோ! அவன்தான்!" என்று தாத்தா கையை நீட்டினார்.

எக்ஸ்பிரஸ் மாமாவின் விசில் பாதியில் நின்றது. "நானா? ஐயையோ! இருபது வருஷமா இங்க இருக்கேன், ஒரு பிஸ்கட்கூடத் தொட்டது கிடையாது!"

"தொட்டுட்டீங்க மாமா!" வாயாடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "பதினாலாம் கட்டில் டிரே எங்கே?"

"கிச்சனுக்கு அனுப்பியாச்சே. இந்நேரம் கழுவ ஆரம்பிச்சிருப்பாங்க."

"கழுவவா!"

அப்பாவால் எழ முடியாது. தாத்தா அவர் கையை விடவே இல்லை. அப்பா பெரிய சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு எட்டு.

"போ" என்றார். "ஆனா ஓடக் கூ..."

அவர் சொல்லி முடிக்கும்போது வாயாடியும் எக்ஸ்பிரஸ் மாமாவும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

லிஃப்ட் எங்கேயோ ஆறாம் மாடியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. படி! மூன்று மாடி! வாயாடி ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி மிக வேகமாக இறங்கினாள், அவ்வளவுதான். பின்னால் எக்ஸ்பிரஸ் மாமா, "என் முட்டி! என் முட்டி!" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கிச்சன் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டிச் சின்னப் பிள்ளைகள் போகக் கூடாது. வாயாடி கோட்டின் மேல் கால் நுனி படும்படி நின்றாள்.

உள்ளே புகை போல நீராவி. ஒரு நீளமான பட்டை டிரேக்களைச் சுமந்துகொண்டு, ரப்பர் திரை தொங்கிய ஒரு பெரிய மெஷினின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போகிற ஒவ்வொரு டிரேயும் 'சர்ர்ர்' என்று கொதிநீர் வாங்கியது. முழங்கை வரை கையுறை போட்ட கிச்சன் அத்தை, டிரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை! எங்க வார்டு டிரே! அதுல காது மெஷின் இருக்கு!"

"என்னது?" மெஷின் இரைச்சலில் அத்தைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு வாயாடிக்கு வாய்த்ததெல்லாம் அப்படி.

எக்ஸ்பிரஸ் மாமா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்து, அத்தையின் காதருகே போய் விஷயத்தைச் சொன்னார்.

"நாலாம் வார்டா? கப்பைக் கவிழ்த்து அனுப்பறது நீங்க மட்டும்தானே! அந்த வண்டிதான். ஆனா பாதிக்கு மேல பட்டையில ஏத்திட்டேனே!"

எக்ஸ்பிரஸ் மாமா வண்டியில் மீதி இருந்த டிரேக்களில் பாய்ந்தார். ஒரு கப்பை வெடுக்கென்று தூக்கினார். ஒன்றும் இல்லை. அடுத்த கப்பில் கை வைத்தார்.

"தூக்காதீங்க மாமா! பொடி சாமான் தெறிச்சிடும்!" வாயாடி கோட்டுக்கு வெளியிலிருந்தே குதித்தாள். "வெள்ளைத்தாள்! கப்புக்கு அடியில வெள்ளைத்தாள் விரிச்சிருக்கா பாருங்க!"

எல்லா டிரேயிலும் கை துடைக்க ஒரு வெள்ளைத்தாள் உண்டு. எல்லோரும் அதைக் கசக்கிப் போட்டிருந்தார்கள். ஒருவர் மடித்து, அதற்குள் பாதி பிஸ்கட்டை ஒளித்து வைத்திருந்தார். விரித்த தாள் ஒன்றுகூட இல்லை.

வண்டியில் இல்லையென்றால்?

வாயாடி பட்டையைப் பார்த்தாள். மெஷினின் வாயில் ஒரு டிரே நுழைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், மூலைக்கு மூலை சரியாக நீவி விரித்த ஒரு வெள்ளைத்தாள். நடுவில், கவிழ்த்து வைத்த கப்!

"மூணாவது! மூணாவது டிரே! நிறுத்துங்க!"

"எது?"

"அதேதான்! அதேதான்!"

இப்போது அது இரண்டாவது. இப்போது முதலாவது. டிரேயின் முனை ரப்பர் திரையைத் தொட்டது.

கிச்சன் அத்தை சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

'சர்ர்ர்' நின்றது. பட்டை நின்றது. பாதி டிரே உள்ளே, பாதி வெளியே. அத்தை டிரேயை மெல்ல வெளியே இழுத்து மேஜையில் வைத்தார். கையுறைகளைக் கழற்றினார். இரண்டு விரலால் கப்பைத் தூக்கினார்.

தாளின் மேல், அளவெடுத்து வைத்தது போல ஒரே வரிசையில் காது மெஷின், பொட்டு போல ஒரு பேட்டரி, நகத்தளவு ஒரு கதவு.

"ஒரு சொட்டுத் தண்ணி படல" என்றார் அத்தை. அவர் குரலே மாறிவிட்டது.

வாயாடி மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

"மணி என்ன மாமா?"

"நாலு பன்னிரண்டு."

"மூணு நிமிஷம்தான் இருக்கு! வாங்க!"

கப்பை மறுபடி மூடி, டிரேயோடு தூக்கிக்கொண்டார் எக்ஸ்பிரஸ் மாமா. இந்த முறை லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. ஆனால் மாமாவோ, பிறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு போவது போல அடிமேல் அடி வைத்து நடந்தார்.

"மாமா, சீக்கிரம்!"

"பேட்டரி உருண்டா எங்கேன்னு தேடுவே?"

"உங்க பேரே எக்ஸ்பிரஸ்!"

"இன்னைக்கு மட்டும் பாசஞ்சர்!"

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது, பெரிய சிஸ்டர் போனைக் கையில் எடுத்து முதல் எண்ணை அழுத்திவிட்டார். டிரேயைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். மணி நாலு பதினைந்து. பதினோராவது நிமிடம் ஆகவில்லை.

தாத்தா எக்ஸ்பிரஸ் மாமாவைப் பார்த்து முறைத்தார். வாயாடி நோட்டை நீட்டினாள்.

'இவர் திருடன் இல்லை. தெரியாமல் எடுத்துவிட்டார். திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.'

தாத்தா படித்தார். டிரேயைப் பார்த்தார். கப்பைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சாமானை எண்ணினார்.

"ம். எல்லாம் இருக்கு. போகட்டும் விடு" என்று பெரிய மனசு பண்ணினார்.

ஒரு சிஸ்டர் மெஷினை எடுக்கக் கை நீட்டினார். அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த வேலைக்கு அங்கே தாத்தாவைவிட ஆள் கிடையாது. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த விரல்கள், பேட்டரியைத் தொட்டதும் நடுக்கத்தை விட்டன. பேட்டரி உள்ளே போனது. கதவு 'டிக்' என்று மூடியது. அப்பா அதை வாங்கி, அவர் காதில் மாட்டிவிட்டார்.

'கீ...' என்று ஒரு சத்தம். பிறகு அமைதி.

தாத்தா சுற்றிலும் பார்த்தார். அப்பா, பெரிய சிஸ்டர், மூன்று சிஸ்டர்கள், வேர்த்து வழியும் எக்ஸ்பிரஸ் மாமா, நோட்டும் கையுமாக ஒரு சிறுமி.

"என்னப்பா, எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறீங்க? ஏதாவது ஆச்சா?"

எக்ஸ்பிரஸ் மாமா சிரித்த சிரிப்பில் அடுத்த வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டரும் சிரித்தார். அவர் சிரித்து வாயாடி பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலரைக்கு டாக்டரம்மா வந்தார். கூடவே தாத்தாவின் மகளும் வந்து, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றார்.

"ஐயா, இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரி. டீ சுமார்தான்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். எதிர்ச் சுவத்துப் பலகையில எழுதியிருக்கே, பாருங்க."

வருடத்தைக் கேட்டபோது இருபது வருடம் பின்னால் போய்விட்டார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இப்போ மணி என்ன சொல்லுங்க?"

தாத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவின் கையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"சுவத்துல நாலு முப்பத்திரெண்டு. உங்க கையில நாலு முப்பத்தஞ்சு. எதைச் சொல்லணும்? ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

டாக்டரம்மா தன் வாட்சைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"மறதி இருக்கும்மா, அது போகாது" என்று மகளிடம் சொன்னார். "ஆனா குழப்பம் தெளிஞ்சிடுச்சு. காதுல மெஷின் இருக்கிற மாதிரி பார்த்துக்கோங்க. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏம்மா அழறே?" என்று தாத்தா திரும்பத் திரும்பக் கேட்டார். மகளின் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். அதனால் அவர் இன்னும் அழுதார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாயாடி பேசிக்கொண்டே போனாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், கையில் வாட்ச் இல்லை என்பது தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் நகரவே இல்லை. மணி அடித்ததும் வாயாடி ஓடினாள். தெருவில் ஓடலாம், அங்கே பெரிய சிஸ்டரின் சட்டம் செல்லாது.

தாத்தா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு டிரே. விரித்த வெள்ளைத்தாள். கவிழ்த்து வைத்த கப்.

"நேத்துச் சாயங்காலத்திலிருந்து அதை யாரையும் தொட விடலம்மா" என்றார் மகள்.

"நான் தூக்கிப் பார்த்தேன்" என்றார் எக்ஸ்பிரஸ் மாமா. "பார்த்துட்டு, அப்படியே மூடிட்டேன்."

வாயாடி தாத்தாவின் முன்னால் வந்து நின்றாள். "தாத்தா!"

தாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரும்மா?"

நேற்று அவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். மூன்று மாடிப் படி! ஒரு துளிகூடவா நினைவில் இல்லை? அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள்!

அவள் தாத்தா பக்கம் திரும்பினாள். நன்றாகச் சிரித்தாள்.

"நான் கஸ்டமர் தாத்தா. என் வாட்ச் ரெடியா?"

"ஓ, அதுவா? எப்பவோ ரெடி!" தாத்தாவின் முகம் மலர்ந்தது. கப்பைத் தூக்கினார். தாளின் நட்டநடுவில் நீல வாட்ச். அதை வலது காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, அவளிடம் நீட்டினார். "ரிப்பேரே இல்ல. பக்கத்துல இருக்கிற சாவியை வெளிய இழுத்து விட்டிருக்கே. உள்ள தள்ளினேன், ஓடுது. சும்மா இருக்க மாட்டியா?"

கணக்கு வகுப்பில் அதை இழுத்து இழுத்து விளையாடியது வாயாடிக்கு நினைவு வந்தது. அவளும் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டாள். டிக், டிக், டிக்.

சக்கர நாற்காலி லிஃப்டுக்குள் போகும் வரை அவள் கையை ஆட்டினாள். தாத்தாவும் நல்ல கஸ்டமருக்கு ஆட்டுவது போல ஆட்டினார்.

அன்றைய டீ முடிந்ததும் எக்ஸ்பிரஸ் மாமா வண்டியோடு வந்தார். முதல் கட்டிலில் கப் கவிழ்ந்திருந்தது. மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. டிரேயை எடுத்தார். இரண்டாம் கட்டில். தூக்கிப் பார்த்தார். அப்படியே ஒவ்வொரு கட்டிலாகக் கடைசி வரைக்கும் போனார்.

"பதினொரு நிமிஷம் மாமா!" என்று வாயாடி தன் வாட்சைப் பார்த்துச் சொன்னாள்.